நடக்க ஒரு வழி

இங்கிலாந்து போய் வந்தேன் என்றதும் விடுதித் தோழியர் கேட்ட முதற் கேள்வி, "லண்டனில் என்னென்ன பார்த்தாய்?" என்பதுதான். விமான நிலையத்தையும் அதிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலையையும் பார்த்தேன் என்றேன். "பிறகு ஐந்து வாரம் என்ன செய்தாய்?" நடந்தேன். "நடப்பதற்காகவா ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பறந்தாய்? மெஸ்ஸுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நாள்தோறும் நடக்கிறாயே, போதாதா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அறைக்கு வந்து விளக்கை அணைத்த பிறகு அந்தச் சிரிப்பு என்னை உறங்கவிடவில்லை. அதற்கு அப்போது சொல்லாத பதிலை இப்போது நம் சங்க இதழில் சொல்ல வந்திருக்கிறேன். ஆசிரியர் குழுவினர் இடம் கொடுத்தார்கள். நண்பர்கள் பொறுமை கொடுக்க வேண்டும்.

என் அக்காள் ஸோமர்ஸெட் மாவட்டத்தில் தாதியாக வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு ஜூலையில் அவளே டிக்கெட் அனுப்பி அம்மாவையும் என்னையும் வரவழைத்தாள். அப்பா மாட்டையும் கொல்லையையும் பார்த்துக்கொள்ள ஊரில் நின்றுவிட்டார். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்காலில் வலி. அக்காளுக்கு இரண்டு குழந்தைகள்: பையனுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஆறு. அத்தானுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஞாயிறுகளில் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர் போன இடந்தான் எக்ஸ்மூர்.

'மூர்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடினேன், கிடைக்கவில்லை. மரமில்லாத மேட்டு நிலம். இடுப்புயரத்துக்கு மேல் எதுவும் வளராத புதர்வெளி. ஹெதர் என்னும் ஊதாப்பூச் செடியும், முள் நிறைந்த மஞ்சள் கோர்ஸும், பிராக்கன் என்ற பெரணியும் மூடிக் கிடக்கும். 'புதர்மேடு' என்று சொல்லி வைக்கிறேன்; இதைவிட நல்ல சொல் வைத்திருக்கிற தமிழ் மாணவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். எக்ஸ்மூரின் சிறப்பு என்னவென்றால், இந்தப் புதர்மேடு நேரே கடலுக்குள் இறங்குகிறது. மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் ஓக் மரக் காடு. காலையில் கடலோரம் புறப்பட்டால், நடுப்பகலுக்குக் காட்டைக் கடந்து, பிற்பகலில் புதர்மேட்டின் உச்சியில் நின்று, புறப்பட்ட கடலையே மறுபடி பார்க்கலாம். ஏறக்குறைய 690 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் 1954-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தாவரவியல் படிக்கிறவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 'இயற்கை அன்னையின் மடி' என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் புதர்மேடு இயற்கை தானாகச் செய்தது அன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் காட்டை வெட்டினர். மழை மண்ணின் சத்தைக் கரைத்தது. ஆடும் மாடும் மேய்ந்தன. குளிர் கழியும் பருவத்தில் புதருக்குத் தீ வைத்து இளந்தளிர் வரச் செய்தனர். இவ்வளவும் சேர்ந்துதான் மரம் மீண்டும் தலையெடுக்காமல் காத்து வருகின்றன. மேய்ச்சலும் தீயும் நின்றால் சில தலைமுறையில் அது மறுபடி காடாகிவிடும். ஆக, நாம் போய் வியக்கிற அந்தக் காட்சி உழைப்பின் விளைவு. அதன் ஊடே போகிற நடைவழியும் அப்படித்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

முதல் ஞாயிறு பாஸிங்டன் என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கிருந்து போர்லாக் பக்கம் போகும் கடற்கரை நடைவழியைப் பிடிப்பதாகத் திட்டம். ஏற்றமே இல்லை, அம்மாவின் முழங்காலை உத்தேசித்து அத்தான் தேர்ந்தெடுத்தது. அம்மா புடவைக்குக் கீழே அக்காளின் பழைய ஓட்டக் காலணியை மாட்டியிருந்தாள். குழந்தைகள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தன.

ஊர் முடிந்த இடத்தில் ஒரு மரக் கதவு. கதவுக்கு அப்பால் பச்சைப் புல்வெளி, செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குழந்தைகள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டன. அம்மா வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"வா அம்மா" என்றேன்.

"ஏன் பாப்பா, யாரு கொல்லையோ? கேக்காம உள்ள போறதா?"

"இது பொது வழி அம்மா. இதோ பார், மஞ்சள் அம்பு போட்டிருக்கிறது."

"அம்பு போட்டிருந்தா? ஆடு யாரோடதோ, நெலம் யாரோடதோ. அவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவே? நீங்க போயிட்டு வாங்க. நான் கார்ல உக்காந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, நான்கு சக்கர மோட்டார் வண்டியொன்றில் நிலத்துக்காரரே வந்துவிட்டார்! நாயொன்று பின்னால் உட்கார்ந்திருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் நடுங்கியதை நான் உணர்ந்தேன். அவர் வண்டியை நிறுத்தினார். நல்ல வெயில் என்றார். குழந்தைகளைக் காட்டி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், ஆடு வெளியேறிவிடும். அவ்வளவுதான். போய்விட்டார்.

அம்மா கதவைக் கடந்தாள். தாழ்ப்பாளை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்த வழி ஓர் உப்புச் சதுப்பின் ஓரமாகப் போகிறது. முன்பு அதுவும் மேய்ச்சல் நிலந்தான். கடலுக்கும் நிலத்துக்கும் இடையே கூழாங்கற்கள் குவிந்த ஒரு நெடிய கரை இருந்தது. 1996-ஆம் ஆண்டு அக்டோபர்ப் புயலில் அந்தக் கரை உடைந்தது; கடல் உள்ளே வந்தது. உடைப்பை அடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். உப்பு நீரில் பட்ட மரங்கள் வெள்ளெலும்பு போல இன்னும் சில நிற்கின்றன. அந்தச் சேற்றைக் குனிந்து பார்த்த அம்மா திடீரென்று கூவினாள்: "ஏ பாப்பா, இது உமரி!"

உமரியேதான். கணுக்கணுவாக, இலையே இல்லாதது போல, பச்சை மெழுகுவர்த்தியாக நிற்கும் அதே செடி. இனம் சற்று வேறு, குடும்பம் ஒன்று. எங்கள் ஊர் வேதாரணியம் வட்டாரம். உப்பளக் கரையில் உமரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மாள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "அம்மாச்சி, நில்லு" என்று பேத்தி பின்னால் ஓடியது.

திரும்பும்போது ஒரு பலகையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அம்மா சொன்னாள். அவள் பிறந்த ஊரில், ஊரின் பெயர் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு நேர் வழி ஒரு தெரு. அந்தத் தெரு வழியே அவளும் அவள் தோழிகளும் ஒரு நாளும் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் பலகை எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆகவே வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போவார்கள். வரப்பிலும் நிலத்துக்காரர் கண்ணில் பட்டால், "நெல்லை மிதிக்கிறீங்களா?" என்று குச்சியை ஓங்குவார். மழைக் காலத்தில் வரப்பு கரைந்துவிடும்; அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். "வழிதான் இல்லையே" என்றாள். நாம் வழியில்லை என்று சொல்லும்போது பணமில்லை என்று பொருள். அம்மா சொன்னது சொல்லுக்குச் சொல் அதுவேதான்.

நண்பர்களே, இருபத்து மூன்று வயது வரை இதை நான் அறியேன். அம்மா வீட்டில் சொன்னதில்லை. அயல் நாட்டில், எவனோ ஒருவனுடைய ஆட்டுக் கிடைக்கு நடுவே, உட்காரப் பலகை போட்ட ஒரு வழியில்தான் அது வெளியே வந்தது.

இனி வழக்குக்கு வருகிறேன். அந்த மஞ்சள் அம்பு அங்கே எப்படி வந்தது? ஆங்கிலேயர் இயற்கையாகவே நல்லவர்கள் என்பதாலா? இல்லை. அங்கும் பொது நிலங்களைச் சட்டத்தின் பெயரால் வளைத்து வேலியடைத்தவர்கள் இருந்தார்கள். மலைகளைக் கௌதாரி வேட்டைக்காகப் பூட்டி வைத்துக் காவலாளியை நிறுத்தினார்கள். தொழிற்சாலைப் புகையில் ஆறு நாள் வெந்தவன் ஏழாம் நாள் மலைக் காற்றுக்குப் போனால் தடியடி. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், டார்பிஷயரிலுள்ள கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாள இளைஞர்கள் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு வயது இருபது! நம் இளங்கலை மாணவர் வயது. ஐந்து பேருக்குச் சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற நுழைவுக்குமான சட்டம் வந்தது. ஊர் ஊராகப் பழைய நடைவழிகளையெல்லாம் தேடி வரைபடத்தில் ஏற்றும் வேலை அதன்கீழ்த் தொடங்கியது. ஒருமுறை அந்தப் படத்தில் ஏறிவிட்ட வழியை நிலத்துக்காரர் தம் இஷ்டப்படி அடைக்க முடியாது. வயலின் ஊடே வழி போனால், உழுத பிறகு குறித்த நாளுக்குள் அதை மறுபடி நடக்கத் தக்கதாக்கிக் கொடுப்பது அவர் கடமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இத்தகைய வழிகள் இரண்டு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் உள்ளன. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழியைவிட்டு விலகிப் புதர்மேடுகளில் விருப்பம்போல் உலவும் உரிமையையும் கொடுத்தது.

கிண்டர் ஸ்கவுட்டுக்கு எட்டு ஆண்டு முன்னதாகவே, 1924-இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நம்மவர் சிறை சென்றனர் என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியுமா? பெரியார் இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையார் தெருவில் இறங்கினார். அங்கே கேட்டதும் நடக்க ஒரு வழி. இங்கே கேட்டதும் நடக்க ஒரு வழி. அவர்களுக்கு மறுத்தது நிலவுடைமை. நமக்கு மறுத்தது பிறப்பு. அது பெரிய வேற்றுமைதான். ஒன்றை மற்றொன்றாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் வழி கிடைத்த பிறகு அவர்கள் செய்த ஒன்றை நாம் செய்யவில்லை. பாட்டியும் பேத்தியும் நடக்கும்படி அவ்வழியைப் பேணும் வேலை அது.

நடைவழி 'குடும்பத்துக்கு ஏற்றது' என்றால் சமதளமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் கண்டது வேறு. வலுவில்லாதவரை மனத்தில் வைத்து ஒருவர் முன்கூட்டியே அந்த வழியில் நடந்து பார்த்திருக்கிறார் என்பதுதான் அதன் அடையாளம். வேலியை ஏறித் தாண்டும் படி இருந்த இடத்தில் கதவு வைத்திருக்கிறார்கள். கிளை பிரியும் இடத்தில் கைகாட்டி மரம் இருக்கிறது; அதில் ஊர்ப் பெயரோடு மைல் கணக்கும் உண்டு. வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு வேலியும் குறித்திருக்கும். ஒன்பது வயதுப் பையன் அதைப் படித்து எங்களை அழைத்துப் போனான்! அம்மாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிசயம்.

ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை. பிராக்கன் புதரில் உண்ணி இருக்கிறது. அது கடித்தால் லைம் என்னும் நோய் வரக்கூடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போக வேண்டும். வீடு திரும்பியதும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பைப் பார்க்க வேண்டும். கடலோ நம் கடல் போன்றது அல்ல. வேதாரணியத்தில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடாது. பிரிஸ்டல் கால்வாயின் உட்புறத்தில் பதினான்கு மீட்டர் வரை நீர் ஏறி இறங்குகிறது! ஓத நேரம் பாராமல் பாறைக்கடியில் விளையாடப் போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். மேட்டில் பெய்யும் மழையையும் எளிதாக எண்ணக் கூடாது. 1952 ஆகஸ்டில் எக்ஸ்மூர் மேட்டில் ஒரே நாளில் கொட்டிய மழை, லின்மத் என்ற கடற்கரை ஊரில் முப்பத்து நான்கு உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவற்றையெல்லாம் மக்களுக்குச் சொல்லித்தான் நடக்க விடுகிறார்கள். அபாயம் உண்டு என்பதற்காகக் கதவைப் பூட்டவில்லை.

நம் பக்கம் பாருங்கள். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் மாண்டனர். நெஞ்சு பதறிய நிகழ்ச்சி அது. அதன் பிறகு பல ஆண்டுகள் மலைநடை என்றாலே 'அனுமதி இல்லை' என்ற சொல்தான் முதலில் வந்தது. 2024-இல் தமிழ்நாட்டு அரசு நாற்பது வழிகளை வகுத்து, உள்ளூர் வழிகாட்டிகளைப் பயிற்றி, மீண்டும் திறந்தது. நல்ல தொடக்கம், வரவேற்கிறேன். ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கட்டணம் நான்கு பேர் உள்ள குடும்பத்தின் கையைக் கடிக்கும். நம் காடுகளில் யானை உண்டு, சிறுத்தை உண்டு. எக்ஸ்மூரில் செம்மானும் மட்டக் குதிரையுந்தான். ஆகவே அப்படியே எடுத்து ஒட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காட்டுக்குள் காலெடுத்து வைப்பவனை அத்துமீறுபவன் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு பேசத் தொடங்கும் 1927-ஆம் ஆண்டு வனச்சட்டத்தை நமக்குக் கொடுத்துப் போனவர் யார்? தம் வீட்டில் வழியைத் திறந்துகொண்டிருந்த அதே நாட்டார்தாம்! இங்கிலாந்தின் புகழ் பாட வந்தவள் என்று என்னை யாரும் எண்ணிவிடாதீர்கள்.

அங்கும் குறை நிறைய. உலவும் உரிமையுள்ள நிலம் இங்கிலாந்தின் பரப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்களவே. காரில்லாதவர் எக்ஸ்மூருக்குப் போவது பெரும்பாடு. பேருந்து வரும்போதுதான் வரும். ஐந்து ஞாயிறு நடந்ததில் எங்கள் நிறத்தார் எதிர்ப்பட்டது ஒரே ஒரு குடும்பம், குஜராத்திகள். இருவீட்டாரும் அண்ணன் தம்பியைக் கண்டதுபோல் நின்று பேசினோம். அக்காளுடன் வேலை பார்க்கும் நம் நாட்டுத் தாதியர் பலர் ஆண்டுக் கணக்காக அங்கிருந்தும் இந்த வழிகளை மிதித்ததில்லை. கடைத்தெருவுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரர் போகிற இடம்" என்பது அவர்கள் எண்ணம். யாரும் தடுக்கவில்லை; தடுக்காமலே நின்றுவிடுகிறோம். அம்மா கதவருகே நின்றாளே, அதுபோல.

மூன்றாவது ஞாயிறு ஹார்னர் காட்டுக்குப் போனோம். ஓடையோரம் எளிய நடை. எண்ணூறு ஏக்கர் ஓக் காடு. மரங்களின் கிளையெங்கும் பாசிபோல் தொங்குவது பாசியன்று, லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். வீட்டு மசாலாவில் நாம் போடும் கல்பாசியும் இவ்வினந்தான். அம்மாவிடம் சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு நம்பவில்லை.

கடைசி ஞாயிறுதான் பெரிய ஏற்றம்: செல்வொர்தி பீக்கன், 308 மீட்டர். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஒரு தேவாலயத்தின் அருகிலிருந்து காட்டு வழியாக ஏறினோம். அத்தான் கணக்குக்காரர். நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டாம்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. போகவர ஐந்து கிலோமீட்டர், ஏற்றம் இருநூறு. ஆக ஒரு மணி இருபது நிமிடம் என்றார். நாலே கால் மணி ஆயிற்று! நெய்ஸ்மித்துக்கு முழங்கால் வலி இருந்திருக்காது. ஆறு வயதுப் பேத்தியும் இருந்திருக்கமாட்டாள். வழியெங்கும் வோர்ட்டில்பெரி என்ற கருநீலப் பழம் பழுத்துக் கிடந்தது. குழந்தைகளின் வாயும் சட்டையும் நீலம்.

உச்சிக்குப் போகும் வழியில் கல்லால் கட்டிய ஒரு சிறு ஒதுக்கிடம் இருக்கிறது. அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஆக்லண்ட் என்ற பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தம். சர் தாமஸ் ஆக்லண்ட் ஞாயிறுதோறும் தம் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு இந்த மேட்டில் நடப்பாராம். அதன் நினைவாக 1878-இல் அவர் மகன் கட்டியது அது. அழகான செய்தி. ஆனால் அன்று அந்த நடை ஒரு குடும்பத்துக்கு மட்டுமே உரியது. அதே மரபில் வந்த சர் ரிச்சர்டு ஆக்லண்ட், நிலம் பொதுவாக வேண்டும் என்று மேடையில் பேசியவர், 1944-இல் சுமார் பன்னிரண்டாயிரம் ஏக்கரை நேஷனல் டிரஸ்ட் என்ற பொது அமைப்பிடம் ஒப்படைத்தார். பேசியதைச் செய்தவர். பிரபு தம் பேரக்குழந்தைகளோடு நடந்த வழியில், ஐந்தாம் வகுப்போடு நின்ற வேதாரணியத்து அம்மாள் தன் பேரக்குழந்தைகளோடு நடந்து வந்து, அந்த ஒதுக்கிடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து புளிச்சோறு பரிமாறினாள். கீழே கடல் மின்னியது. "கோடியக்கரைக்கு உன் அப்பாவைக் கூட்டிக்கிட்டு இப்படி ஒரு நாளு போகணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோடியக்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடலும், புல்வெளியும், காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடம். வெளிமான் துள்ளும் இடம். 1967-இலிருந்து சரணாலயம். அம்மா தன் வாழ்நாளில் அங்கே போனது அமாவாசைக் கடல் முழுக்குக்கு மட்டுந்தான். முழுக்குக்குப் போகலாம், பிழைப்புக்குப் போகலாம், சும்மா நடக்கப் போகலாகாது! நம் பெண்களுக்கு நடை என்றால் குடமோ கட்டோ தலையில் இருக்க வேண்டும். கை வீசி நடந்தால் "எங்கே கிளம்பிவிட்டாள்?" என்று ஊர் கேட்கும்.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். யார் மீதும் வருத்தமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் நாம் போகும் உல்லாசப் பயணம் எப்படி நடக்கிறது? விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ், உள்ளே ஒலிபெருக்கி, ஓர் ஊரில் இறங்கிப் புகைப்படம், உணவகத்தில் சண்டை, நள்ளிரவில் திரும்புதல். பெண்கள் விடுதிக் கதவு அடைத்துவிடும் என்பதால் மாணவியர் பாதிப்பேர் வருவதில்லை. குடும்பத்தோடிருக்கும் ஆராய்ச்சி மாணவர் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி வருவார்? ஆக, 'தமிழ்க் குடும்பம்' என்று மேடையில் முழங்கும் நாம் பயணம் என்று வரும்போது இருபது வாலிபர்களாகச் சுருங்கிவிடுகிறோம்.

நம் பல்கலைக்கழகத்துக்கு அடுத்தாற்போலேயே ரிட்ஜ் இருக்கிறது. ஆரவல்லி மலையின் கடைசி வால் அது. உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களில் ஒன்று. டிக்கெட் வேண்டாம், பஸ் வேண்டாம். நம்மில் எத்தனைபேர் அதைக் குறுக்கே நடந்து பார்த்திருக்கிறோம்? அங்கே மண்டிக் கிடக்கும் விலாயதி கீக்கர் வேறொன்றுமில்லை. நம் ஊர்க் கண்மாயையெல்லாம் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலமேதான்! அதனிடையே தப்பிப் பிழைத்திருக்கும் பழைய ஆரவல்லி மரங்களை நான் காட்டித் தருகிறேன். டில்லிக் காற்றில் நடையா என்று கேட்பீர்கள். நியாயந்தான், டிசம்பரில் நானே வரமாட்டேன். பிப்ரவரிக் கடைசியில் புகை சற்று விலகும். பாதுகாப்பு? தனியே போக நானும் அஞ்சுவேன். அதனால்தான் கூட்டமாக, குடும்பமாகப் போகச் சொல்கிறேன். நாற்பது பேர் குழந்தைகளோடு மாதம் ஒருமுறை நடக்கிற வழியில் கலகம் செய்கிறவன் நிற்கமாட்டான். நடக்காத வழிதான் அவனுக்கு வசதி.

செயற்குழு ஒப்புக்கொண்டால் பயணச் செலவுக்கு ஒதுக்கிய பணம் மிச்சமாகும். அதில் கூட்டத்துக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், குழந்தைகளுக்குக் கடலை மிட்டாயும் வாங்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நான் போகத்தான் போகிறேன். பிப்ரவரிக் கடைசி ஞாயிறு, காலை ஏழரை மணிக்கு, கொடிக்கோபுரத்தின் அடியில். மூன்று கிலோமீட்டர்தான், நெய்ஸ்மித் கணக்கில் முக்கால் மணிகூட ஆகாது, நம் கணக்கில் பகலுணவு வரை ஆகும். மெஸ்ஸில் வேலை செய்யும் மதுரைக்காரர் தம் இரண்டு பெண்களையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அந்த வாரம் டில்லிக்கு வருகிறாள். "அந்தக் காட்டுல உமரி இருக்குமா?" என்று போனில் கேட்டாள். உப்பில்லாத இடத்தில் உமரி ஏது என்றேன். "அப்ப வேற என்ன இருக்குன்னு பாத்து வை" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் தண்ணீர் கொண்டு வரவும். குரங்குகள் கண்ணில் படும்படி வாழைப்பழம் வேண்டாம்.